விடுதிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளே நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் வாசலில் வெளியூர்க் கார்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து வரும் குடும்பங்கள் வரவேற்பறையில் சிறிது நேரம் காத்திருந்து, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றன. பிள்ளை இரண்டு ஆண்டுகள் வாழப்போகும் இடம் அரை நாளில் முடிவாகிவிடுகிறது. அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேதியியல் ஆசிரியராகவும், அவற்றில் மூன்று ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவன் நான். வகுப்பறையையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்து விடுதிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதே மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் என்பது அந்த ஆண்டுகளில் நான் கண்டது. வகுப்பு மாலை நாலரைக்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மறுநாள் காலை வரை பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்ட பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலில், பழைய பெயரை நம்பிப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மருத்துவப் படிப்புக்கான அரசு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. பாடப்புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்ய வைத்து, தினமும் தேர்வு வைத்து 1200க்கு 1180 வாங்க வைக்கும் முறை அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. இந்த வட்டாரத்துப் பள்ளிகள் மாநிலமெங்கும் பெயர் பெற்றதும் அப்போதுதான். 2017இல் நீட் தேர்வு கட்டாயமானது, அதே ஆண்டில் மாநில அளவிலான முதலிடப் பட்டியலை அரசு நிறுத்தியது, 2019 தேர்விலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணும் 600 ஆகக் குறைந்தது. ஆனால் 'பக்கத்து வீட்டுப் பெண் அங்கே படித்து டாக்டரானாள்' என்ற பேச்சு மட்டும் மாறாமல் இருக்கிறது. அந்தப் பெண் எந்த ஆண்டு படித்தாள் என்று கேளுங்கள். 2016க்கு முந்தியது என்றால் அந்தத் தகவலால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

பழைய முறையின் ஒரு கெட்ட பழக்கம் திரும்பி வரவும் வாய்ப்பிருக்கிறது. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகளும் நடத்தியதால்தான் 2017–18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் நீட் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம் என்பதால், அதை முழுமையாக நடத்துகிறார்களா என்று இனிப் பெற்றோர்தான் சரிபார்க்க வேண்டும். இதைப் பள்ளி முதல்வரிடம் கேட்பதைவிட, அங்கே இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் இயற்பியல் நோட்டை வாங்கிப் பார்ப்பது நல்லது.

சாலையோர ஃபிளெக்ஸ் பலகைகளில் இருக்கும் முகங்களைப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. பத்தாம் வகுப்பிலேயே 490க்கு மேல் எடுத்த பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய மதிப்பெண்ணைப் பள்ளியின் சாதனையாகக் காட்டுவது பல இடங்களில் நடக்கிறது. முதல் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை 410 எடுத்திருந்தால், அதே அளவு மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்கள் கடைசியில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். பிளஸ் ஒன்னில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பிளஸ் டூ தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அறிவிக்கும் பள்ளியில் இந்தக் கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்.

எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில் தெளிவில்லாமல் போவதும் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபைக் கொண்டே நடக்கிறது. அந்த வழியில் போக நினைக்கும் பிள்ளையை, அகில இந்திய நுழைவுத் தேர்வுக்காகப் பதினான்கு மணி நேரம் உட்கார வைக்கும் விடுதியில் தள்ள வேண்டியதில்லை. ராணுவ அதிகாரியாகும் வழிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சைனிக் பள்ளியை நினைப்பவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பின் விசாரிப்பதில் பொருளில்லை. 1962 முதல் இயங்கிவரும் அமராவதிநகர் சைனிக் பள்ளி உட்பட அவற்றில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும்தான். வருகைப் பதிவு ஒரு பள்ளியிலும் படிப்பு ஒரு பயிற்சி மையத்திலும் என்ற ஏற்பாட்டுக்கு யாராவது அழைத்தால் ஒதுங்கிவிடுங்கள். சிபிஎஸ்இ 75 சதவீத வருகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நடுவில் பள்ளியின் இணைப்பே ரத்தானால் அல்லல்படுவது பிள்ளைதான்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை அன்றோடு போய்விடுகிறது. நிலத்தை அடகு வைத்து மகளைக் கொண்டுவந்து சேர்த்த ஒரு தகப்பனாரிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் முன்பணம் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுதியோடு இயங்குகின்றன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விடுதி வேண்டும் என்றாலே தனியார் பள்ளிதான் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி விடுதிக்குள் வருவோம். சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகம் காட்டுவது பெரும்பாலும் ஆய்வகம், நூலகம், புதிதாக வெள்ளையடித்த மாதிரி அறை ஆகியவற்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை போகாமல் ஒரு சாதாரணப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் போங்கள். குளியலறையையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஐந்தே முக்காலுக்கு ஸ்டடியில் உட்கார வைக்கும் இடத்தில் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பெண் பிள்ளைகளுக்கு இது நோயாகவே முடிவதை நான் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நாட்களில் யாரிடம் கேட்க வேண்டும், நாப்கினை எங்கே போட வேண்டும் என்பதை அம்மாக்கள் தயங்காமல் விசாரிக்க வேண்டும்.

பிறகு காப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், இரவு எங்கே படுக்கிறார், அவரே பகலில் வகுப்பும் எடுக்கிறாரா, இரண்டு ஆண்டுகளாவது அங்கே இருந்திருக்கிறாரா என்பன முக்கியமான கேள்விகள். காப்பாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் விடுதியில் பிள்ளையின் முகத்தை அறிந்தவர் எவரும் இருக்க மாட்டார். நடு இரவில் காய்ச்சல் வந்தால் யார் எழுவார், எந்த மருத்துவமனை, எந்த வண்டி, பெற்றோருக்கு எப்போது சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'காலையில் பார்த்துக்கொள்வோம்' என்பது பதிலாக வந்தால் வேறு பள்ளியைப் பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஒரு வேளை அங்கேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் தெரிந்துவிடும்.

கட்டணத்தில் ஏமாறாமல் இருக்க எழுத்தில் வாங்குவது ஒன்றே வழி. கல்விக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு அமைத்த குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று பாருங்கள். விடுதி, உணவு, சலவை, சிறப்பு வகுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பிள்ளை மூன்றாம் மாதம் வெளியே வர நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்க வேண்டும். கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லியிருந்தும், 'டி.சி. தர மாட்டார்கள்' என்ற பயத்தில் பிள்ளையை அங்கேயே விட்டுவைத்த குடும்பங்கள் உண்டு.

பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுப்பது இன்னொரு தவறு. செல்போனை விட மாட்டேன் என்கிறான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, யாரோடோ பழகுகிறாள் என்று கோபத்தில் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளை விடுதியில் முதல் நாளே அடையாளம் கண்டுவிடலாம். டிரங்குப் பெட்டியைத் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை என்று நன்றாகவே புரியும். தண்டனையாக வந்த இடத்தில் எவரும் மனம் ஒன்றிப் படிப்பதில்லை. குறைந்தது இரண்டு பள்ளிகளைப் பிள்ளையோடு போய்ப் பார்த்து, எது வேண்டாம் என்று சொல்லும் உரிமையையாவது அவர்களுக்குக் கொடுங்கள்.

சேர்த்த பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. முதல் இரண்டு மாதங்களில் பிள்ளை சொல்வதையெல்லாம் வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடுகிறோம். என் விடுதியில் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து அம்மா கட்டிவந்த எலுமிச்சை சோற்றைச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், 'இங்க சாப்பாடு பிடிக்கலைம்மா' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாலு வாரம் அப்பா 'பழகிடும்டா' என்றார். ஐந்தாவது ஞாயிறு அம்மா வேறு விதமாகக் கேட்டார்: 'மெஸ்ல யாருகூடப்பா உக்காந்து சாப்பிடுற?' அவன் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அறையிலிருந்த பிளஸ் டூ பையன்கள் அவனைத் தங்கள் தட்டுகளைக் கழுவ வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் சாப்பிட விட்டார்கள் என்பது அதன் பிறகே தெரிந்தது. நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவனாக இருந்த என் கண்ணில் அது ஒரு மாதமாகப் படவில்லை. இன்றும் என்னால் அதை மறக்க முடியவில்லை. அன்று மாலையே அந்தப் பையன்களின் பெற்றோரை வரச் சொல்லிவிட்டு அவனை வேறு அறைக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு வந்த அம்மாவிடம் அவன் முறுக்கு டப்பா இன்னொன்று கேட்டான், புது அறையில் இருந்த ஐந்து பேருக்கும் சேர்த்து.