அடுக்ககத்தில் மின்சார கார்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

மின்சார கார் வாங்க நினைப்பவர்கள், ஷோரூமுக்குப் போகும் முன் தங்கள் அடுக்ககத்தின் மீட்டர் அறைக்குப் போய்வருவது நல்லது. சார்ஜ் செய்யும் இணைப்பை உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து தனி வயரில் இழுக்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

சாதாரண 15 ஆம்பியர் பிளக் மணிக்குச் சுமார் 3 யூனிட் தரும். 30 யூனிட் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வருபவருக்கு இதுவே தாராளம் என்பேன். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால், அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம்.

எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும் என்பதால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜை முதலிலேயே அளக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சென்னையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015-லும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தூண்களில் படிந்த கறையே பல இடங்களில் சொல்லிவிடும். பிளக்கை அதற்கு மேலேயும், அதன் சுவிட்சை முதல் மாடியிலும் வையுங்கள். பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி67 சான்று இருந்தாலும், அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனைதான். ஆகவே மூழ்கிய காரை ஆன் செய்யாமல், சார்ஜும் போடாமல், டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.