விமான வரைபடத்தை ஏ4 தாளிலேயே முழு அளவில் அச்சிடலாம்

மாதிரி விமான வரைபடத்தின் பிடிஎஃப் கோப்பை அடோபி ரீடரில் திறந்து, அச்சிடும் பெட்டியில் ‘போஸ்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டைல் ஸ்கேல்’ (துண்டுகளின் அளவு) 100 சதவீதம், ‘ஓவர்லாப்’ (அடுத்தடுத்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) அரை அங்குலம், ‘கட் மார்க்ஸ்’ (வெட்டும் குறிகள்) டிக். சாதாரண ஏ4 பிரிண்டரே துண்டு துண்டாக முழுப் படத்தையும் தந்துவிடும்.

வீட்டு பிரிண்டர் தாளின் விளிம்புவரை மை போடாது. அந்த வெற்று ஓரத்தில் கோடுகள் விட்டுப்போகாமல் ஓவர்லாப் பார்த்துக்கொள்கிறது. படத்தைத் தாளுக்குள் அடக்கும் ‘ஃபிட்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். படம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். 3 சதவீதம் சுருங்கினாலே ஒரு மீட்டர் இறக்கையில் 3 சென்டிமீட்டர் போய்விடும்! அதனால் ஒட்டுவதற்கு முன், நீளம் குறித்த அளவுகோல் கோடு இருக்கும் தாளில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒட்டும்போது நீண்ட நூலை இறுக்கிப் பிடித்து, இறக்கையின் நேர்க்கோடு வளையாமல் போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பசை வேண்டாம், டேப் போதும். ஈரம் பட்டால் தாள் விரியும். ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள் நுழையும் நாட்களில் ஒட்டும் வேலையையே தள்ளிப்போடலாம்.

ஏ1 படம் கணக்குப்படி 8 தாள்தான். ஓரமும் ஓவர்லாப்பும் சேர்ந்தால் பதினைந்தைத் தொடும். அதைவிடப் பெரிய படத்துக்கு இந்த வழி சரிவராது, ஒவ்வொரு ஒட்டிலும் சிறு பிழை சேரும். சேலத்தில் கட்டட பிளான் அச்சிடும் கடையில் கொடுத்து ஒரே தாளாக வாங்கிவிடுங்கள். அளவே குறிப்பிடாத ஸ்கேன் படத்துக்கும் 100 சதவீதம் என்பதில் பொருளில்லை.