குத்துவிளக்கு வேலையை ஏலத்தில் பங்கிடும் முறை

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள் பெரும்பாலும் சிறியவை என்பதால், பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் அதைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும். தெரிந்த முகம் பார்த்துக் கொடுப்பதைவிட ஏலம் விடுவது நேர்மையானது. ஆனால் ஏலத்தின் விதிகளே பட்டறைக்காரரை வாழவைக்கவும் கடனாளியாக்கவும் வல்லவை.

முதலில் வேலையைச் சம பங்குகளாகப் பிரிக்க வேண்டும். பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எனத் தனித்தனியே வார்த்து, கடைந்து, மரையிட்டுப் பூட்டப்படும் விளக்கில் பாகத்துக்கு ஒரு பட்டறை என்று கொடுத்தால், ஒருவர் செய்த தண்டு இன்னொருவர் செய்த பீடத்தில் ஏறாது. ஆகவே முழு விளக்குகளாகவே பங்கு போடுங்கள். பித்தளை விலை அடிக்கடி மாறுவதால், ஆர்டர் கொடுப்பவரே உலோகத்தை எடைபோட்டுக் கொடுத்து, சேதாரத்துக்கு எவ்வளவு கழிவு என்பதை முன்னதாக எழுதிவிட்டு, கிலோவுக்கான கூலியை மட்டும் ஏலத்துக்கு விட வேண்டும்.

எல்லோர் முன்னிலையிலும் கூலியைக் குறைத்துக்கொண்டே போகும் திறந்த ஏலம் வேண்டாம். ஏலச்சீட்டில் பணமுடை உள்ளவரே அதிகம் தள்ளி எடுப்பதைப் போல, இங்கும் கையில் வேலையில்லாதவர் கட்டுப்படியாகாத விலைக்கு இறங்குவார். அந்த நட்டம் கடைசியில் ஆட்களின் சம்பளத்தில் கைவைக்கும்.

மாறாக, மூடிய உறையில் விலை கேட்டு, ஒரு பட்டறைக்கு ஒரு பங்கு என்று வரம்பு வையுங்கள். நான்கு பங்குகளுக்கு 210, 220, 225, 235, 250 ரூபாய் என ஐந்து விலைகள் வந்ததாகக் கொள்வோம். முதல் நால்வருக்கும் வேலை. நால்வருக்கும் கூலி, வேலை கிடைக்காத ஐந்தாமவர் கேட்ட 250 ரூபாய். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் விளக்கிய முறை இது. தாம் எழுதும் விலை தமக்குக் கிடைக்கும் கூலியைத் தீர்மானிக்காததால், உண்மையான அடக்கவிலையை எழுதுவதே ஒவ்வொருவருக்கும் நல்லது. பங்குகளைவிடக் கேட்பவர்கள் கூடுதலாக இருந்தால்தான் இது செல்லும். உறவுக்காரர்கள் நிறைந்த ஊரில் கூடிப் பேசி விலையேற்றவும் இடமுண்டு என்பதால், உச்ச விலை ஒன்றை முன்பே அறிவித்துவிட வேண்டும்.

கார்த்திகைக்கு விளக்கு தேவையென்றால் ஏலத்தை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் வார்ப்பு அச்சின் மண் காயாது. அப்போது நாள் தவறியதற்குப் பட்டறையிடம் அபராதம் பிடிப்பது நியாயமாகாது.

பணம் தரும் நாளையும் ஏல அறிவிப்பிலேயே எழுதுங்கள். உத்யம் எனும் மத்திய அரசுப் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குமேல் பாக்கி வைக்க குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும்.