வெப்பமண்டலக் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுமுறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

குதிரைமேல் ஏறிக் கடலோரமாகச் சில நாட்கள் பயணம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களின் மனத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சிதான் இருக்கும்: அலையின் விளிம்பில் நீர் தெறிக்க, பிடரி பறக்க, நாலுகால் பாய்ச்சலில் விரையும் குதிரை. அந்தக் காட்சி உண்மையிலேயே கிடைக்கக்கூடியதுதான். ஆனால் ஒரு நாள் பயணத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. மற்ற நேரமெல்லாம் தோப்புகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் ஓடைகளுக்கும் இடையே மெல்ல நடக்கும் நேரமே. வெயில், ஈரப்பதம், மணல், ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது) ஆகிய நான்கும் குதிரையின் உடலை என்ன செய்கின்றன என்பதை அறிந்து திட்டமிடுபவருக்கு அந்தச் சில நிமிடங்களும் பாதுகாப்பாகக் கிடைக்கும், மீதி நேரமும் இனிமையாக அமையும். ஆகவே இந்த விளக்கத்தைக் குதிரையின் பக்கம் நின்றே எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்

இதுவரை குதிரைமேல் ஏறியே இராதவர் நேரடியாகப் பல நாள் பயணத்துக்குப் போவது சரியல்ல. அருகிலுள்ள பயிற்சிப் பள்ளியில் குறைந்தது எட்டுப் பத்து வகுப்புகளாவது முடித்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த வகுப்புகளில் உங்களுக்கு வர வேண்டியவை குதிரையை நிறுத்துவது, இருபுறமும் திருப்புவது, நடையில் சமநிலையோடு அமர்வது, டிராட் என்னும் ஓட்டநடையில் குதிரையின் தாளத்துக்கேற்ப எழுந்து அமர்வது ஆகியவை. டிராட்டில் குதிரையின் கால்கள் மூலைவிட்டமாக இரண்டிரண்டாகத் தரையைத் தொடுவதால் முதுகு மேலும் கீழும் துள்ளும். எழுந்து அமரத் தெரியாத சவாரியாளர் ஒவ்வோர் அடிக்கும் குதிரையின் முதுகெலும்பின்மேல் மோதுகிறார், தம் முதுகையும் நோகடித்துக்கொள்கிறார். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும்படி அமரப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

இதே காலத்தில் உடல் எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சவாரியாளரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 90 கிலோ. சேணத்துக்கு மட்டுமே 10 கிலோவுக்கு மேல் போகலாம் என்பதால் ஆளின் எடை 80 கிலோவுக்குள் இருப்பது நல்லது. வெப்பமும் ஆழ்ந்த மணலும் சேரும் இடத்தில் இந்த வரம்பையும் குறைத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

இரண்டாம் படி: யாருடன் செல்வது, எப்போது செல்வது

பயணத்தை நடத்துபவர் நல்லவரா என்பதை அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளிலிருந்தே கண்டுகொள்ளலாம். எடை, உயரம், சவாரி அனுபவம், பழைய காயங்கள் ஆகியவற்றைக் கேட்காமல் முன்பணம் மட்டும் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அவர் அனுபவத்தைக் கேட்கும்போது கூட்டிச் சொல்லாதீர்கள். உங்கள் பதிலை வைத்துத்தான் உங்களுக்கான குதிரை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சவாரி, நண்பகலில் ஓய்வு உண்டா, குதிரைகளுக்கு இடையிடையே விடுப்பு நாள் உண்டா, தலைக்கவசம் கட்டாயமா என்பவற்றை நீங்களும் கேளுங்கள். புதியவருக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரமே போதும். நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனாலும் அதற்குள் இருபது கிலோமீட்டர் கடந்துவிடலாம்.

நேரில் போனதும் லாயத்தைப் பாருங்கள். விலா எலும்புகள் துருத்தி நிற்கும் குதிரை, சேணம் அமரும் இடத்தில் முடி உதிர்ந்து புண்ணான முதுகு, பிளந்த குளம்பு, காலியான தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் எதையாவது கண்டால், கொடுத்த பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் திரும்பிவிடுவதே நேர்மையான முடிவு.

பருவத்தைப் பொறுத்தவரை மழையற்ற மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி விபத்துகளும் அடங்குமா என்று பாருங்கள். பல காப்பீடுகள் இதை விலக்கிவைக்கின்றன. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருப்பதால், அந்தத் தடுப்பூசி காலாவதியாகவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உடையும் காலணியும்

மிதிவண்டித் தலைக்கவசம் இதற்கு உதவாது. குதிரைச் சவாரிக்கென்றே சான்று பெற்றதுதான் வேண்டும், ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக்கூடாது. காலணியில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரக் குதிகாலும் வழுவழுப்பான அடிப்பகுதியும் இருக்க வேண்டும். குதிகால் இல்லாத காலணி, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் முழுவதுமாக நுழைந்து சிக்கிக்கொண்டால், விழும்போது குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும். இந்த விளையாட்டில் மிகக் கொடிய விபத்துகளில் அதுவும் ஒன்று. கடற்கரை என்பதற்காக அரைக்கால் சட்டையோ செருப்போ அணிய வேண்டாம். தொடையின் உட்புறம் தையல் உறுத்தாத நீளக் கால்சட்டை, வெளிர்நிறத்தில் மெல்லிய முழுக்கைச் சட்டை, வியர்வையில் கரையாத வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை போதும். தண்ணீரில் பட்டு எதிரொளிக்கும் வெயில் கீழிருந்தும் தாக்கும் என்பதால் முகவாய்க்கு அடியிலும் களிம்பு பூசுங்கள்.

நான்காம் படி: குதிரையை அணுகுதலும் ஏறுதலும்

குதிரையால் தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதற்குக் கண் தெரியாது. ஆகவே பேசிக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாக நெருங்கி, கழுத்தில் கை வையுங்கள். காதுகள் பின்னோக்கிப் படிந்திருந்தால் அது எரிச்சலில் இருக்கிறது என்று பொருள், சற்று நில்லுங்கள். பிடித்து நடத்தும் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

ஏறுமுன் வயிற்று வாரைச் சரிபாருங்கள். வாருக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையும் இறுக்கம் சரியானது. சில குதிரைகள் வார் கட்டும்போது மூச்சை உப்பிக்கொண்டு நிற்கும் என்பதால், ஐந்து நிமிடம் நடந்தபின் மறுபடி பாருங்கள். அங்கவடி வாரின் நீளத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: விரல்நுனியை வாரின் மேல்முனையில் வைத்துக் கையை நீட்டினால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். ஏறுவதற்கு மேடையோ கல்லோ பயன்படுத்துங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறும்போது சேணம் ஒருபக்கம் இழுபட்டுக் குதிரையின் முதுகு திருகப்படுகிறது.

ஐந்தாம் படி: நாட்டுப்புறப் பாதைகள்

முதல் நாளை உள்நாட்டுப் பாதையிலேயே கழிப்பது நல்லது. காற்றும் அலையோசையும் இல்லாத இடத்தில் குதிரையும் நீங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியும். முன்செல்லும் குதிரைக்கும் உங்களுடையதற்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது விடுங்கள். உங்கள் குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை என்று எச்சரிக்கும் அடையாளம்.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் நிமிர்ந்து அமருங்கள். தாழ்ந்த கிளை வந்தால் கழுத்தின்மேல் முன்னோக்கிக் குனியுங்கள். பின்னால் சாய்ந்தால் கிளை உங்களைச் சேணத்தோடு சேர்த்து அழுத்திவிடும். ஓடையைக் கடக்கும்போது கடிவாள வாரைத் தளர்த்தி, குதிரை தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்க விடுங்கள். சிறு ஓடையானால் அது தாண்டக்கூடும் என்பதால் ஒரு கை பிடரியில் இருக்கட்டும். கதவு திறந்து மூடும் இடங்களில் கடைசிக் குதிரை வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். தோழர்கள் நகரத் தொடங்கினால் தனித்து நிற்கும் குதிரை பதறிவிடும்.

போகிற வழியில் மேயவிடாதீர்கள். வெப்பமண்டல வேலிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி, சிறிதளவு இலையாலேயே குதிரையைக் கொல்லக்கூடிய நஞ்சு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போனது வெளியே வர வழியில்லை. அதேபோல மணல்மேல் கிடக்கும் தீவனத்தைத் தின்றால் மணல் குடலில் சேர்ந்து கடும் வயிற்றுவலி உண்டாகும். ஓய்வு நேரத்தில் தென்னையின் அடியில் கட்டிவைக்காதீர்கள். விழும் காய் மனிதரையும் குதிரையையும் பார்த்து விழுவதில்லை.

ஆறாம் படி: ஓதத்தைப் படித்தல்

கடற்கரைச் சவாரியின் நேரத்தைக் கடிகாரமல்ல, கடலே நிர்ணயிக்கிறது. பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். அப்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி அகன்ற கெட்டி மணலை விட்டுச்செல்லும், திரும்பி ஏறும்போதும் வேகமாக ஏறும். தாழ் ஓத நேரத்தை அறிந்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு மணலில் இறங்கி, கடல் ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் வெளியேறும்படி திட்டமிடுங்கள். பாறை முனைகளைச் சுற்றிப் போகும் வழியானால் திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

மணலில் மூன்று வகையைப் பிரித்தறியப் பழகுங்கள். மேட்டில் கிடக்கும் உலர்ந்த மணல் குளம்பை விழுங்குவதால் காலின் பின்புறத் தசைநார்களைக் கடுமையாக இழுக்கும். அதில் நடை மட்டுமே. நீர் வடிந்து ஈரம் காயாமல் கெட்டியாக இருக்கும் நடுப்பட்டைதான் ஓட்டத்துக்கு ஏற்றது; குளம்பின் தடம் தெளிவாகவும் ஆழமின்றியும் விழுந்தால் அது நல்ல தரை. நீர் தேங்கிப் பளபளக்கும் மணலும், ஆறு கடலில் கலக்கும் கழிமுகச் சேறும் திடீரென்று உள்வாங்கும் என்பதால், வழிகாட்டி முன்னே போய்ப் பார்க்காமல் அவற்றில் கால் வைக்கக்கூடாது. நண்டு வளைகள் நிறைந்த பகுதியும் அப்படித்தான். கடலாமைகள் முட்டையிடும் கரைகளில் மேட்டு மணலைத் தவிர்த்து, வழிகாட்டி காட்டும் பட்டையில் மட்டும் செல்லுங்கள்.

ஏழாம் படி: ஓடவிடுதலும் நீரில் இறங்குதலும்

அலைகளைப் புதிதாகப் பார்க்கும் குதிரை நுரையைக் கண்டு பக்கவாட்டில் விலகும். நீரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கடற்பக்கமாக ஒரு பழகிய குதிரையை விட்டு இணையாக நடத்துங்கள். சிறிது சிறிதாக அருகே வரட்டும். பின்வாங்கும் நீரையே உற்றுப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் உங்கள் பார்வை தொலைவில் இருக்கட்டும்.

ஓடவிடப் போகும் பகுதியை முதலில் முழுவதும் நடந்து பாருங்கள். வலைக்கயிறு, மரத்துண்டு, வளைகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். டிராட்டைவிட வேகமான, மூன்று தாளமுள்ள கேன்டர் என்னும் ஓட்டத்தில் சமநிலை தவறாமல் அமரத் தெரிந்தவர் மட்டுமே நாலுகால் பாய்ச்சலுக்குப் போக வேண்டும். அதன் வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரையும் தாண்டும். இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, எடையைக் குதிகாலுக்கு இறக்கி, ஒரு கையால் பிடரியைப் பிடியுங்கள். வழிகாட்டியை முந்தாதீர்கள், லாயம் இருக்கும் திசையில் ஓடவிடாதீர்கள். குதிரை கட்டுப்பாட்டை மீறினால் கடிவாளத்தைத் தொடர்ந்து இழுத்துப் பிடிப்பதால் பயனில்லை. அது அந்த இழுப்பின்மேலேயே சாய்ந்து ஓடும். நிமிர்ந்து அமர்ந்து, இழுத்துத் தளர்த்தி, இழுத்துத் தளர்த்தி, பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தை மெல்லச் சுருக்குங்கள். வேகத்தில் சட்டெனத் திருப்பினால் குதிரை சறுக்கி விழும்.

நீரில் முழங்கால் ஆழத்துக்கு மேல் போவதானால் சேணத்தைக் கழற்றிவிடுவதும், தலையைத் தாழ்த்திக் கட்டும் வார்களை நீக்குவதும் கட்டாயம். குதிரைக்கு இயல்பாகவே நீந்தத் தெரியும். ஆனால் தலையை உயர்த்த முடியாவிட்டால் மூழ்கும். நீந்தும்போது பிடரியைப் பற்றுங்கள், கடிவாளத்தை இழுக்காதீர்கள். ஆழமற்ற நீரில் முன்காலால் தண்ணீரைத் தட்டத் தொடங்கினால் அது படுத்துப் புரளப்போகிறது. உடனே கால்களால் அழுத்தி முன்னே நடத்துங்கள்.

எட்டாம் படி: வெப்பமும் குளிர்வித்தலும்

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத படி இதுதான், ஆகவே இதை மிகவும் வலியுறுத்துகிறேன். நம்மைப் போலவே குதிரையும் வியர்வையால்தான் குளிர்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பத விழுக்காட்டோடு கூட்டுங்கள்: 150ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், 180ஐ நெருங்கினால் சவாரியே வேண்டாம். 90 பாகையும் 80 விழுக்காடும் உள்ள சாதாரண வெப்பமண்டல முற்பகலே 170க்கு வந்துவிடுகிறது. அதனால்தான் விடியலிலும் மாலையிலும் மட்டும் புறப்பட வேண்டும். அதிலும், இப்பகுதிகளில் அந்தி நீளாது, சூரியன் மறைந்த அரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதை நினைவில் வைத்து மாலைச் சவாரியை முன்னதாகவே முடியுங்கள்.

கடைசிக் கிலோமீட்டரை நடையிலேயே வாருங்கள். இறங்கியதும் வாரைத் தளர்த்தி, நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தசை இறுகிவிடும் என்ற பழைய நம்பிக்கை தவறு என்பதை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் காட்டின. குடிக்கவும் தாராளமாகக் கொடுங்கள்; வியர்வையோடு உப்பும் போவதால் உப்புக்கட்டியும் அருகில் இருக்கட்டும். ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். அரை மணி ஓய்வுக்குப் பிறகும் துடிப்பு 60க்குக் கீழே வராவிட்டாலோ, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு மெதுவாகவே மறைந்தாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்.

கடல்நீர் பட்ட கால்களையும் வயிற்றையும் நல்ல நீரில் கழுவி, குளம்புகளில் சிக்கிய மணலை எடுத்து, வார் படும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பும் மணலும் அங்கே தங்கினால் ஒரே நாளில் புண்ணாகும். பிறகு மறுநாளுக்கான தாழ் ஓத நேரத்தை, அதாவது இன்றையதைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி, குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வெயிலேறிய பின் வருமானால் அன்று கடற்கரையை விட்டுவிட்டு நிழலுள்ள தோப்புப் பாதையைத் தேர்ந்தெடுக்கும்படி வழிகாட்டியிடம் நீங்களே கேளுங்கள்.