கமகம் பிடிக்கும் கீபோட்: தொடுவுணர் கருவியை அமைத்து வாசிக்கும் முறை

கர்நாடக இசை பயின்ற ஒருவர் சாதாரண கீபோட்டில் தோடி இராகம் வாசிக்க உட்கார்ந்தால், காந்தாரத்துக்கு வந்ததும் கை தடுமாறும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுவரம் அன்று. சுத்த ரிஷபத்தின் பக்கத்திலிருந்து சுத்த மத்திமத்தின் பக்கம் வரை அசைந்தசைந்தே அது தன்னைக் காட்டும். கட்டைகள் தனித்தனியே பிரிந்து கிடக்கும் கருவியில், கமகம் எனப்படும் அந்த அசைவுக்கு வழியில்லை. இந்தக் குறையைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது. கீபோட்டின் இடப்பக்கத்தில் இருக்கும், சுவரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிச் பெண்ட் சில்லு ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அதைத் திருப்பினால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுவரங்களும் சேர்ந்தே வளைவதோடு, இடக்கை முழுவதும் அந்தச் சில்லுக்கே போய்விடுகிறது.

தொடுவுணர் கீபோட் இந்த இடத்தில்தான் உதவுகிறது. விரல் எவ்வளவு வேகமாக விழுந்தது, விழுந்த பின் எவ்வளவு அழுத்துகிறது, இடம் வலமாக எவ்வளவு நகர்கிறது, மேல் கீழாக எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக எழுந்தது என்பவற்றை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக அது அளக்கிறது. மட்டக்களப்பின் கல்லடியில் மாணவருக்கு இக்கருவியைப் பழக்கி வருபவன் என்ற முறையில், வாங்குவதற்கு முன்பிருந்து முதல் கம்பிதம், அதாவது சுவரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம், ஒழுங்காக வருவது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். யாழ் நரம்புகளில் சுவரங்கள் எங்கெங்கே விழும் என்று பல்லாண்டுகள் கணக்கிட்டு ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தர் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணின் பிள்ளைகள் சுவரத்தின் நுண்ணிடத்தைப் பற்றிக் கவலைப்படாத கருவியோடு நின்றுவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

எதை வாங்குவது

இவ்வகையில் மூத்தது லிப்போல்ட் ஹாக்கன் அமெரிக்காவில் உருவாக்கிய கன்டினியூம். கட்டைகளே இல்லாத, துணி போர்த்திய நீண்ட பலகை அது, ஏ. ஆர். ரகுமான் மேடையில் வாசிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். விலை மிக உயர்ந்தது என்பதால் தொடங்குபவருக்கு அதை நான் சொல்வதில்லை. லண்டனைச் சேர்ந்த ரோலி நிறுவனத்தின் சீபோட், கட்டைகளின் வடிவத்தை மென்மையான சிலிக்கோன் மேடுகளாக்கி, அவற்றின் மேலும் கீழும் வழுக்கிச் செல்லத் தட்டையான பட்டைகளை வைத்திருக்கிறது. ரோஜர் லின் 2014இல் வெளியிட்ட லின்ஸ்ட்ருமென்ட்டில் வரிசைக்கு 25 கட்டங்களாக எட்டு வரிசைகளில் 200 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் அரைச்சுவர இடைவெளி. ஒரு வரிசையில் இரண்டு ஸ்தாயி முழுவதும் ஒரே நேர்கோட்டில் கிடப்பதால், அதை வீணையின் ஒரு தந்தியாக எண்ணிக்கொள்ளலாம். ஒஸ்மோஸ் என்னும் இன்னொரு கருவி பார்வைக்கு வழக்கமான கீபோட் போலவே இருக்கும். அதன் கட்டைகளைப் பக்கவாட்டில் அசைத்தால் சுவரம் வளையும், ஆழமாக அழுத்தினால் ஒலி மாறும்.

வாய்ப்பாட்டோ வயலினோ கற்றவருக்கு லின்ஸ்ட்ருமென்ட் விரைவில் பிடிபடுகிறது என்பது என் அனுபவம். சிறுவயதிலிருந்து கீபோட் வாசித்து, திருவிழா இசைக்குழுக்களில் கை பழகியவருக்குச் சீபோட் அல்லது ஒஸ்மோஸ் பொருந்தும். பணம் செலவழிக்கு முன், ஐபாட் ஒன்று இரவலாகக் கிடைத்தால் ஜியோஷ்ரெட் என்னும் செயலியில் இரண்டு வாரம் பழகிப் பாருங்கள். கண்ணாடித் திரை விரலின் அழுத்தத்தை அறியாது. ஆனாலும் விரலை நகர்த்திச் சுவரம் பிடிப்பதில் உங்களுக்கு ஈடுபாடு இருக்கிறதா என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும்.

பழைய கருவி வாங்குவதாயின் கையில் எடுத்து வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நான் வாங்கிய முதலாவது கருவியில் நடு ஸ்தாயியின் பஞ்சமம் மெல்லிய தொடுகைக்கு ஒலிக்கவே இல்லை. விற்றவர் ஓங்கி அடித்துக் காட்டியதால் அது எனக்கு அன்று தெரியவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை மிக மெல்லிய அழுத்தத்துடன் இழுத்துச் செல்லுங்கள். ஒலி எங்காவது அறுந்தாலோ திடீரென உயர்ந்தாலோ அங்கே உணரி பழுதாகியிருக்கிறது. வயரைச் சொருகியபின் அதை மெதுவாக அசைத்து, இணைப்பு விட்டுப் போகிறதா என்றும் பாருங்கள்.

கணினியில் இணைத்தல்

பெரும்பாலானோர் சலித்துக் கைவிடும் இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இசைக்கருவியும் கணினியும் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையில் 16 சனல்கள், அதாவது தனித்தனி வழிகள், உண்டு. பிச் பெண்ட் கட்டளை ஒரு சனல் முழுவதற்கும் பொதுவானது என்பதால், ஒரே சனலில் ஒலிக்கும் சுவரங்கள் எல்லாம் ஒன்றாகவே வளையும். 2018இல் வெளியான எம்பிஈ என்னும் விரிவாக்கம், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சனலைக் கொடுத்து இதைத் தீர்த்தது. வழக்கமான அமைப்பில் முதலாம் சனல் பெடல் போன்ற பொதுக் கட்டளைகளுக்கும், 2 முதல் 16 வரையான சனல்கள் விரல்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இட வல அசைவு பிச் பெண்டாகவும், அழுத்தம் சனல் பிரஷராகவும், மேல் கீழ் அசைவு 74ஆம் இலக்கக் கட்டளையாகவும் செல்கின்றன.

ஆகவே ஒலி தரும் மென்பொருள் எம்பிஈயை ஏற்பதாக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி இதற்குப் போதுமானது. அதன் முகப்பிலேயே எம்பிஈ என்ற பொத்தான் இருக்கிறது. வைட்டல் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பும் உதவும். ஒலிப்பதிவுக்கு ஏபிள்டன் லைவ் பயன்படுத்துவோர் 11ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வைத்திருந்து, மிடி அமைப்பில் அந்தக் கருவிக்கு எதிரேயுள்ள எம்பிஈ கட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ரீப்பர் பயன்படுத்துவோர் டிராக்கின் உள்ளீட்டில் எல்லாச் சனல்களையும் ஏற்கும்படி விட வேண்டும்.

அடுத்துச் செய்ய வேண்டியது பிச் பெண்ட் எல்லையைச் சரிபார்ப்பது. எம்பிஈயில் விரல் சனல்களுக்கு வழக்கமான எல்லை மேலே 48, கீழே 48 அரைச்சுவரங்கள். கருவியிலும் மென்பொருளிலும் இந்த எண் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். கருவி 48இல் இருக்க மென்பொருள் 2இல் இருந்தால், விரலை ஒரு முழு அரைச்சுவரம் நகர்த்தியும் ஒலி அதில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான் நகரும். அசைவே இல்லாதது போலக் கேட்கும். மாறாக, கருவி 12இலும் மென்பொருள் 48இலும் இருந்தால், ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு நகர்த்திய விரல் அந்தர காந்தாரத்தில் போய் ஒலிக்கும். இந்தக் கருவியில் சுருதி சேரவில்லை என்று என்னிடம் வந்து முறையிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் குறை தீர்ந்தது. எல்லை 48 என்றால் நுட்பம் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிச் பெண்டில் 16,384 படிகள் உள்ளன. அரைச்சுவரத்தை நூறு கூறுகளாக்கினால், ஒரு படி அதில் ஒரு கூறுக்கும் குறைவாகவே வரும். காது அதைப் பிரித்து அறியாது.

இனி ஒரு சோதனை. இடக்கை விரலால் ஷட்ஜத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலால் காந்தாரத்தை அசையுங்கள். காந்தாரம் மட்டும் அசைந்தால் எல்லாம் சரி. ஷட்ஜமும் சேர்ந்து நடுங்கினால், வழியில் ஏதோ ஒன்று எல்லாச் சனல்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. மென்பொருளின் எம்பிஈ பொத்தானையும் டிராக்கின் உள்ளீட்டையும் மறுபடி பாருங்கள்.

தாமதமும் முக்கியமானது. கமகத்தில் காது கேட்டுக் கேட்டுத்தான் விரலைத் திருத்துகிறது. ஒலி பிந்தி வந்தால் விரல் தானாகவே அளவு கடந்து போகும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 48 கிலோஹேர்ட்ஸில் 128 சாம்பிளாக வைத்தால் அதனால் வரும் தாமதம் ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன், 512 வைத்தால் அது பத்தைத் தாண்டிவிடும். விண்டோஸ் லப்டொப்பில் சவுண்ட் கார்ட்டுக்குரிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவுங்கள். புளூடூத் ஹெட்போன் இதற்கு ஒருபோதும் ஆகாது. வயர் உள்ளதையே அணியுங்கள்.

நம் கரையோரத்தில் உப்புக்காற்றும் வியர்வையும் எப்போதும் உண்டு. வியர்த்த விரல் சிலிக்கோனில் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது விட்டுவிட்டு நகரும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பின்பே வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் சற்று ஈரமான துணியால் மேற்பரப்பைத் துடைத்து, உலர்ந்தபின் மூடி வையுங்கள்.

விரல் பழக்கம்

முதல் மாதம் முழுவதும் இட வல அசைவு ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள். கருவியோடு வரும் ஒலிகளில் அழுத்தத்துக்கு ஒரு மாற்றம், மேல் கீழ் அசைவுக்கு இன்னொரு மாற்றம் என்று எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும் சுவரம் பழகுவதற்கு அவை பெரும் இடைஞ்சல். அழுத்தத்தால் ஒலியளவு மாறாத, புல்லாங்குழல் போன்ற எளிய ஒலி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். விரலை நகர்த்தும்போது அழுத்தம் தானாகவே குறைவது இயல்பு. அழுத்தத்தோடு ஒலியளவு கட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு கமகத்தின் நுனியும் மங்கிப் போகும்.

தொலைபேசியில் தம்புராச் சுருதியை ஓட விடுங்கள். உங்கள் சுருதி ஒரு கட்டையாயினும் ஐந்தரைக் கட்டையாயினும், ஷட்ஜம் எப்போதும் ‘சி’ இடத்திலேயே விழும்படி டிரான்ஸ்போஸ் செய்து வையுங்கள். சுருதி மாறினாலும் விரல் போகும் தூரம் மாறாதிருந்தால்தான் கை அதை நினைவில் கொள்ளும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை அசைவின்றி, ஒவ்வொரு சுவரமும் தம்புராவோடு கலந்து மறையும்வரை வாசியுங்கள். லின்ஸ்ட்ருமென்ட்டில் குவாண்டைஸ் என்னும் அமைப்பைப் போட்டு வைத்தால், தொட்ட கணத்தில் சுவரம் சரியான இடத்தில் தொடங்கும். குவாண்டைஸ் ஹோல்ட் என்பதை நிறுத்தி விடுங்கள், அது நின்ற விரலை அருகிலுள்ள அரைச்சுவரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அதன்பின் ஜாரு என்னும் வழுக்கல். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே விரலை எடுக்காமல் வழுக்கி, பஞ்சமத்தில் தாண்டாமல் நிறுத்துங்கள். சீபோட்டில் இதை மேடுகளின் மேல் செய்யாமல் கீழ்ப்பட்டையில் செய்வது நல்லது. மேடுகளின் மேல் போனால் ஒவ்வொரு கட்டையும் விரலில் தட்டும்.

இப்போது தோடியின் காந்தாரம். ‘சி’ ஷட்ஜமாயின் சுத்த ரிஷபம் அதற்கு அடுத்த கருங்கட்டை. சுத்த மத்திமம் ‘எஃப்’. இடையிலுள்ள தூரம் நான்கு அரைச்சுவரங்கள். நடுவிரலை ரிஷபத்தில் வைத்து, அழுத்தத்தை விடாமல் மத்திமத்தின் பக்கம் கொண்டுபோய்த் திரும்புங்கள். அசைவு விரல் நுனியிலிருந்து வரக் கூடாது. முன்கை முழுவதும் மணிக்கட்டோடு சேர்ந்து நகர வேண்டும். நிமிடத்துக்கு 60 என்ற காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அசைவு. அது சீராக வந்தபின் இரண்டு. பல நாள்களின் பின்னரே நான்கு. கேட்பவர் காதில் ரிஷபமும் மத்திமமும் தனித்தனியாக விழாமல், இடையில் காந்தாரம் என்ற ஒரே சுவரம் எழுந்து நிற்கிறதா என்பதையே பாருங்கள். தனித்தனியாகக் கேட்டால் மேல்முனையில் விரல் அதிக நேரம் தங்குகிறது என்று பொருள்.

வாசித்ததைப் பதிவு செய்யும்போது, நீங்களே வாயால் பாடிய அதே சஞ்சாரத்தையும் பதிந்து பக்கத்தில் வையுங்கள். ஏபிள்டனிலோ பிட்விக்கிலோ ஒவ்வொரு சுவரத்தின் வளைவும் கோடாகத் திரையில் தெரியும். காரைதீவிலிருந்து வரும் மாணவி ஒருவர், கருவி மத்திமத்தை எட்டவில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தபோது, ஒவ்வோர் அசைவும் பாதி வழியில், காந்தாரத்தைச் சற்றுக் கடந்தவுடன் திரும்பியிருந்தது. அவர் பாடிய பதிவைக் கேட்டோம். குரலும் அதே இடத்தில்தான் திரும்பியது. கீபோட்டை மூடிவிட்டு அந்தக் காந்தாரத்தை நான்கு நாள் பாடி வரும்படி சொன்னேன். ஐந்தாம் நாள் விரல் வைத்ததும், இரண்டாவது அசைவிலேயே கோடு மத்திமத்தின் விளிம்பைத் தொட்டது. கோட்டை மவுஸால் இழுத்துத் திருத்தும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. பயிற்சிக் காலத்தில் அதைத் தொடாமல், பாடிவிட்டு மறுபடி வாசித்துப் பதியுங்கள்.