கெப்ட் பேக்னு வந்தா பதறி அடிக்கிற தப்புங்க

உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல சாஃப்ட்வேரை (பேக்கேஜ்) போட, அப்டேட் பண்ண உதவற கருவிதான் ஆப்ட். அது சில பேக்கேஜை அப்கிரேட் பண்ணாம நிறுத்தி வச்சா "கெப்ட் பேக்"னு காட்டும். போன வாரம் கூட ஒரு தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி "அண்ணா சிஸ்டம் போச்சு, 4 பேக்கேஜ் கெப்ட் பேக்னு நிக்குது"ன்னான். ஒண்ணும் போகல. ஆனா நானும் ஒரு காலத்துல இதே மாதிரி பதறினவன்தான், அதான் எழுதறேன். சூடோ (அட்மின் அனுமதி) போட மறக்கறது, அப்டேட் பண்ணாமலே அப்கிரேட் அடிக்கறது எல்லாம் ரெண்டு நாள்ல தானா பழகிடும், அதை விட்டுடுவோம்.

எரர்னு நினைக்கறது

அது எரர் இல்ல. புது வெர்ஷன் வந்திருக்கு, ஆனா அதைப் போட வேற எதையோ சேர்க்கணும் இல்ல கழட்டணும், நீங்க சொல்லாம நான் தொட மாட்டேன்னு ஆப்ட் ஒதுங்கி நிக்குது. ஆப்ட்-கெட் அப்கிரேட் புதுசா எதையும் சேர்க்காது, இருக்கறதை எடுக்கவும் செய்யாது. வெறும் ஆப்ட் அப்கிரேட்னா தேவைப்பட்டா சேர்க்கும், எடுக்காது. ஃபுல்-அப்கிரேட், அதாவது பழைய டிஸ்ட்-அப்கிரேட், எடுக்கவும் எடுக்கும். கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அடிக்கடி மாட்டிக்கறதும் இதனாலதான், ஒவ்வொரு புது கெர்னலும் புதுப் பேர்ல தனி பேக்கேஜா வரும், ஆப்ட்-கெட் அப்கிரேட் அதை எப்படி சேர்க்கும்?

ஃபுல்-அப்கிரேட் மைனஸ் ஒய்

இதை நினைச்சா எனக்கு இன்னமும் எரியும். ஆபீஸ்ல ஒரு மெஷின், அதுல பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஒண்ணு வைன்ல (விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டறது) ஓடிட்டிருந்துச்சு. புது கிராஃபிக்ஸ் டிரைவருக்காக நான்தான் வெளி ரெப்போ (ஆப்ட் பேக்கேஜ் எடுக்கற இடம்) ஒண்ணு சேர்த்து வச்சிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மெசாங்கற கிராஃபிக்ஸ் லைப்ரரி பேக்கேஜ் எல்லாம் கெப்ட் பேக். எங்கயோ யாரோ ஃபுல்-அப்கிரேட் போடுன்னு எழுதினதைப் பாத்து, மைனஸ் ஒய்யும் (எதையும் கேக்காம எல்லாத்துக்கும் சரின்னு சொல்றது) சேர்த்து அடிச்சிட்டு கிளம்பிட்டேன். காலைல வைனே இல்ல.

நடந்தது என்னன்னா, அந்த லைப்ரரிங்க 64 பிட், 32 பிட் ரெண்டும் அச்சு அசல் ஒரே வெர்ஷன்ல இருந்தாதான் சேர்ந்து இருக்கும், ரெப்போல 64 பிட் பில்ட் முடிஞ்சிருக்கு 32 பிட் இன்னும் முடியல, அதுக்காகத்தான் ஆப்ட் நிறுத்தி வச்சிருந்துச்சு, நான் புகுந்து தள்ளினதுல 32 பிட்டைத் தூக்கிட்டு புதுசைப் போட்டுடுச்சு, அதை நம்பி இருந்த வைனும் கூடவே போச்சு. சும்மா விட்டிருந்தா மறுநாள் தானா சரியாயிருக்கும். எது எது போச்சுன்னு ஆப்டோட ஹிஸ்டரி லாகைத் தோண்டி ஒவ்வொண்ணா திரும்பப் போடறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு, அது வரைக்கும் கணக்குப் பாக்கறவங்க என் பின்னாடியே நின்னாங்க.

ஃபுல்-அப்கிரேட் அடிக்காதீங்கன்னு சொல்லல. முதல்ல மைனஸ் எஸ் போட்டு ஓட்டுங்க, எதையும் மாத்தாம என்ன செய்யப் போகுதுன்னு மட்டும் காட்டும். அதுல "ரிமூவ்ட்"னு வர்ற லிஸ்டைப் படிங்க, தெரியாத பேர் ஒண்ணு இருந்தாலும் நிறுத்திடுங்க. மைனஸ் ஒய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உபுண்டுல அவசரப்படறது

உபுண்டு 21.04 வெர்ஷன்லேருந்து ஆப்டே படிப்படியாதான் அப்டேட் விடுது. முதல்ல 10% மெஷினுக்கு, பிரச்சனை வரலன்னா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. உங்க முறை வரலன்னா கெப்ட் பேக்னு காட்டும், புது வெர்ஷன்ல ஃபேசிங்கால தள்ளி வச்சிருக்குன்னு தனியா காட்டும். ஆப்ட் பாலிசி போட்டு பேக்கேஜ் பேரைக் குடுத்தா எத்தனை சதவீதம்னு தெரிஞ்சிடும். செக்யூரிட்டி அப்டேட்டுக்கு இந்த வரிசை கிடையாது, அதனால பயப்பட எதுவும் இல்ல.

ஒவ்வொண்ணா இன்ஸ்டால் அடிக்கறது

நின்ன பேக்கேஜ் பேரைக் குடுத்து இன்ஸ்டால் அடிச்சா உள்ள வந்துடும், ஆனா நீங்களா கேட்டு வாங்கினதுன்னு குறிச்சு வச்சுக்கும், அப்புறம் தேவையில்லாததைக் கழட்டற ஆட்டோரிமூவ் அதைத் தொடவே தொடாது. கெர்னல் இமேஜுக்கு இப்படியே செஞ்சு பூட் பார்ட்டிஷன் நிரம்பி வந்து நின்னவங்களைப் பாத்திருக்கேன். ஏற்கனவே செஞ்சிட்டீங்கன்னா ஆப்ட்-மார்க் ஆட்டோ போட்டு அந்தக் குறியை எடுத்துடுங்க.

ஹோல்ட் போட்டுட்டு மறக்கறது

ஹோல்ட்னா இந்த பேக்கேஜைத் தொடாதேன்னு நீங்களே ஆப்ட்கிட்ட சொல்லி வைக்கறது, அதுவும் கெப்ட் பேக்னுதான் காட்டும். எதெதுக்குப் போட்டிருக்கீங்கன்னு பாக்க ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட். அந்தத் தம்பியோட நாலுல ஒண்ணு அவனே போட்டது.