சுவிஸ் பனிமலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பிலிருந்து சுவிஸில் உள்ள அண்ணன், மாமா வீட்டுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நம்மூரில் மார்கழி மழை விட்டு வெயில் எறித்தால் பயம் போய்விடும். பனிமலையில் அப்படியில்லை. இரவெல்லாம் பனி கொட்டி, காற்றும் அடித்து, மறுநாள் வானம் நீலமாக விடிந்தால் அதுதான் பனிச்சரிவு ஆபத்து மிகுந்த நாள். புதுப்பனி கீழடுக்கோடு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. 30 பாகைக்கு மேல் சரிந்த இடத்தில் ஒரு ஆள் கால் வைத்தாலே போதும், பனி பெரிய பலகையாக உடைந்து வழுக்கும். சிக்குகிறவர்களில் பெரும்பாலானோர் தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிய பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள்.

புறப்படும் முன் ‘வைட் ரிஸ்க்’ செயலியில் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள். ஐந்து ஆபத்துப் படிகளில் 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்க வேண்டாம். அதிகம் பேர் இறப்பது அந்த நாள்களில்தான். அனுபவம் இல்லையென்றால் குறியிட்ட, திறந்திருக்கும் பாதையை விட்டு விலகவே கூடாது, செல்ஃபி எடுக்கக்கூட.

வழிகாட்டியோடு அந்தப் பாதைக்கு வெளியே போனாலும் ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டுவது), தேடுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் கோல்), மண்வெட்டி கட்டாயம் வேண்டும். புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் உயிர். அதனால் 1414க்கு அழைத்து ஹெலிகொப்டர் கேட்டுவிட்டு, அது வரும்வரை நிற்காமல் நீங்களே தோண்டத் தொடங்குங்கள்.